பாகூரில் ஒரு திக்குவாய் டாக்டர்

போர்டு மாட்ட ஓர் ஆணி போதும். அதில் என்ன எழுதுவது என்பதுதான் டாக்டர் தொழிலிலேயே கஷ்டம். புதிதாகத் தொழில் தொடங்கி வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களுக்கு இது நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவன் நான். புதுச்சேரியில் மருத்துவம் படித்துவிட்டுப் பாகூர் கடைத்தெருவில் ஓர் அறை பிடித்தேன். சைகோனில் இருந்த பெரியப்பா அங்கே எனக்கொரு குமாஸ்தா வேலை பார்த்துவைத்திருந்தார். ஆனிக்குள் நோயாளிகள் வராவிட்டால் நான் கப்பலேறிவிட வேண்டும் என்பது பேச்சு. அப்போது தை பிறந்திருந்தது.

சகலமும்

முதல் போர்டில் "சகல வியாதிகளுக்கும் சிகிச்சை" என்று எழுதினேன். எதையும் விட்டுவிடக் கூடாதே என்ற பயம். பத்து நாள் யாரும் படியேறவில்லை. பதினோராம் நாள் ஒரு பெரியவர் நின்று எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு இருமினார். ஓடிப்போய் உள்ளே கூப்பிட்டேன். அவர் பின்வாங்கினார்.

"எனக்கு வெறும் இருமல்தான் தம்பி. நீங்க மொதல்ல சகலத்தையும் பாத்து முடிங்க, அப்புறமா வர்றேன்."

கண்

ஒரே வியாதியைப் பிடித்துக்கொண்டால்தான் பெயர் வரும் என்றான் கூடப் படித்த நண்பன். "கண் வைத்தியம்" என்று மாற்றி எழுதினேன். மறுநாள் காலையிலேயே வாசலில் கும்பல். கரையாம்புத்தூரிலிருந்து மூன்று பேர் ஒரு காளையை ஓட்டி வந்திருந்தார்கள். அதற்குக் கண்ணில் நீர் வடிந்தது. நான் மனிதர்களுக்குத்தான் பார்ப்பேன் என்றேன். "அப்பிடின்னு போர்டுல போடலியே" என்றார்கள். அது உண்மைதான். மருந்துத் தண்ணீரால் கழுவிவிட்டேன், நாலு நாளில் சரியாகிவிட்டது. அடுத்த வாரம் இன்னும் இரண்டு காளைகள் வந்தன. மனிதர் ஒருவரும் வரவில்லை. காளைக்காரரிடமே காரணம் கேட்டேன்.

"மாட்டுக்கே இவ்ளோ நல்லாப் பாக்குறீங்க, மனுசனுக்கு இன்னும் நல்லாத்தான் பாப்பீங்க. ஆனா எங்க வூட்ல யாருக்கும் கண்ணு வலிக்கலியே, இன்னா பண்றது?"

ஏற்றம்

மாசியில் எங்கள் நிலத்துக்குப் போயிருந்தேன். பக்கத்து நிலத்துக் கோவிந்தனுக்குத் திக்குவாய். என்னைப் பார்த்து "எப்போ வந்தே" என்று கேட்பதற்குள் வியர்த்துவிட்டார். பிறகு கிணற்று ஏற்றத்தில் ஏறி, இறைக்கிற சால்களை எண்ணும் ஏற்றப்பாட்டைப் பாட ஆரம்பித்தார். ஒரு சொல் சிக்கவில்லை. சின்ன வயதிலிருந்து கேட்ட பாட்டு; அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். எனக்கும் திக்குவாய் உண்டு. குறைவாகப் பேசி மறைத்துவந்தேன். ஊர் அதைப் படித்தவனின் கம்பீரம் என்று நினைத்தது. ஏற்றக்காரர் காலெடுத்து வைக்கிற நிதானத்தில் பேசிப் பேசி முதலில் என்மேல் சோதித்தேன். பலன் தெரிந்த பிறகே கோவிந்தனுக்குச் சொல்லிக்கொடுத்தேன். ஒன்றரை மாதம் கழித்து அவர் மனைவி படியேறி வந்தார். நன்றி சொல்லத்தான் என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். உட்காரவில்லை.

"இருவது வருசமா எங்க வூட்டுச் சண்டையில நான்தான் ஜெயிச்சிக்கினு இருந்தேன். உன்னை யாருப்பா இதுல வந்து பூரச் சொன்னது?"

மூன்று வரி

அன்றே போர்டை அழித்து எழுதினேன்: "திக்குவாய்க்குப் பயிற்சி. மருந்து கிடையாது. எனக்கும் உண்டு." மூன்றாவது வரியை எழுதுமுன் தெருவில் யாரும் இல்லையே என்று ஒருதரம் பார்த்துக்கொண்டேன். தவளக்குப்பத்திலிருந்து ஒருவர் தன் மகன் சூசையைக் கூட்டி வந்தார். அவர்கள் பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்ற குடும்பம்; அதன்படி, மாதா கோயிலுக்குப் போகுமுன் கொம்யூன் தலைவரான மேர் முன்னால் மாப்பிள்ளை வாய்விட்டுச் "சம்மதம்" சொன்னால்தான் கல்யாணம் செல்லும். பையனுக்குச் 'ச'விலேயே நாக்கு ஒட்டிக்கொண்டது. திணறினால் இஷ்டமில்லை என்று பெண் வீட்டார் நினைத்துவிடுவார்களோ என்று பயம். கல்யாணத்துக்கு இருந்தது மூன்றே வாரம். என்னிடம் ஏன் வந்தீர்கள் என்று கேட்டேன்.

"தன் கொறையைத் தானே எழுதி மாட்டிக்கிற ஆளு, எங்களை ஏமாத்த மாட்டாருன்னு வந்தோம்பா."

மேர் முன்னால்

வைகாசிக் கடைசி. மேர் அலுவலகத்தில் சுற்றுவட்டாரமே கூடியிருந்தது. சூசை தோற்றால் அத்தனை பேருக்கும் முன்னால் நானும் தோற்றேன், அப்புறம் கப்பல்தான். மேர் கேள்வியை வாசித்தார். சூசை வாயைத் திறந்தான், சத்தம் வரவில்லை. பெண்ணின் அப்பா நிமிர்ந்து பார்த்தார். நான் சுவரோரம் நின்று வலது காலை மெல்ல எடுத்து வைத்துக் காட்டினேன். சூசை ஏற்றத்தில் ஏறுகிறவன்போல் ஒரு கால் எடுத்து வைத்தான். "சம்மதம்!" தெரு வரைக்கும் கேட்டது. சொல்ல வந்துவிட்ட சந்தோஷத்தில் இன்னொரு தரம் சொன்னான். மூன்றாவது தரமும் சொன்னான். மேர் பேனாவைக் கீழே வைத்தார்.

"ஒரு தரம் போதும்பா. மூணு தரம் சொன்னா மூணு பொண்டாட்டி எழுத இந்தப் புத்தகத்துல எடமில்ல."

மறுநாள் வாசலில் பதினோரு பேர் நின்றார்கள், காளை ஒன்றுகூட இல்லை. குமாஸ்தா வேலை வேண்டாம் என்று பெரியப்பாவுக்கு எழுதிப்போட்டேன்.

எந்த வியாதியை எடுத்துக்கொள்வது என்று தவிக்கும் சக டாக்டர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: ஊரில் யாருமே வியாதி என்று ஒத்துக்கொள்ளாத ஒன்றாகப் பார்த்துப் பிடியுங்கள், போட்டிக்கு வேறு போர்டு இருக்காது.