தூங்குகிறவர்கள் நோட்டு

நோட்டு மேடம் என்று நாங்கள் அவரை அழைத்தது முதுகுக்குப் பின்னால்தான். நேரில் வெறும் மேடம். எனக்கும் அவர் ஒரு பெயர் வைத்திருந்தார். அதை முகத்துக்கு நேராகவே சொல்வார்: வேகம் சார். அது பாராட்டு என்று நினைத்துக்கொண்டு நான் இரண்டு வருடம் திரிந்தேன். அவர் பொடி வைத்துப் பேசுகிறவர் என்பது எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. எனக்கு எல்லாமே தாமதமாகத்தான் புரியும். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு பெரிய மருத்துவமனையின் அடித்தளத்தில், சலவை அறைக்குப் பக்கத்தில் எங்கள் கணினி அறை. அந்தப் பக்கம் துணி துவைக்கும் இயந்திரம் சுழல ஆரம்பித்தால் இந்தப் பக்கம் எங்கள் மேசைகள் நடுங்கும். கூரையில் ஒரு குழாய் சொட்டும். அதற்குக் கீழே ஒரு சிவப்பு வாளி. வாளி நிறைந்தால் யார் கொண்டுபோய் ஊற்றுவது என்று யாரும் முடிவு செய்ததில்லை. ஊற்றியது எப்போதும் மேடம்தான்.

அவர் கணினி படித்துவிட்டு வேலைக்கு வந்தவர் அல்ல. நோயாளிகளின் கோப்பு அறையில் தட்டச்சராகச் சேர்ந்தவர். கணவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். ஒரே மகள். மகள் டியூஷனில் இருக்கும் ஒன்றரை மணி நேரம், அந்த வீட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்து மடியில் புத்தகத்தை வைத்துக்கொண்டு படிப்பாராம். டியூஷன் வாத்தியார் பாவப்பட்டு ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டாராம். மூன்று தேர்வு, அதில் ஒன்றில் இரண்டு முறை கோட்டை விட்டார். பதினோரு வருடம் கழித்து, கோப்பு அறையில் தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு படியிறங்கி எங்கள் அறைக்கு வந்தார். "இடுப்புக்கு இதுதான் பழக்கம்" என்றார். உண்மையில் அந்த நாற்காலி அவருக்குப் பதக்கம்.

எங்கள் வேலையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். மருத்துவமனையில் சீட்டுக் கொடுப்பதற்கு ஒரு மென்பொருள், பரிசோதனை முடிவுக்கு ஒன்று, மருந்துக் கடைக்கு ஒன்று என்று நூற்றுக்கு மேல் இருக்கும். ஒவ்வொன்றையும் அதற்கு வேண்டிய சாமான்களோடு தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி ஓடவிடுவோம். அந்தப் பொட்டலத்துக்குக் கன்டெய்னர் என்று பெயர். ஒன்றோடொன்று பேச வேண்டிய கன்டெய்னர்களை ஒரே வலைப்பின்னலில் சேர்த்து வைப்போம். எங்கள் பேச்சில் அது தெரு. தெரு இல்லாவிட்டால் கன்டெய்னர் எழுந்திருக்கவே எழுந்திருக்காது.

எந்தத் தெருவில் யார் இருக்கிறார்கள் என்று நாற்பது கணினிகளில் ஒவ்வொன்றாகப் போய்க் கேட்க முடியுமா? அதற்கு ஒரு தானியங்கிக் கருவி வைத்திருந்தோம். மேடம் அதற்கு எடுபிடி என்று பெயர் வைத்தார். என்ன கேட்க வேண்டும் என்று ஒரு பக்கத்தில் எழுதிவைத்தால், தினமும் காலை பத்து மணிக்கு அவருடைய பெயரில் உள்ளே நுழைந்து, நாற்பது இடத்திலும் கேட்டு வந்து கொட்டும். இந்தத் தெரு இருக்கிறது. இதில் இன்னார் இன்னார் இருக்கிறார்கள். இவர்களுடைய முகவரி இது.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. அந்த நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கும் கன்டெய்னர்களின் பெயர்தான் பட்டியலில் வரும். நின்றுபோயிருப்பது, மாதம் ஒருமுறை எழுந்து வேலை செய்துவிட்டுப் படுத்துக்கொள்வது, இவற்றின் பெயர் வராது. தெரு காலி என்று எடுபிடி சொல்லும். காலி இல்லை, ஆள் தூங்குகிறான்.

மேடம் இதற்காகத்தான் அந்த நீல அட்டை நோட்டை வைத்திருந்தார். முதல் பக்கத்தில் 'தூங்குகிறவர்கள்' என்று தலைப்பு. கீழே மூன்று கட்டம்: பெயர், தெரு, எழும் நாள். காலையில் எடுபிடி கொடுத்த பட்டியலை ஒரு கையிலும் நோட்டை இன்னொரு கையிலும் வைத்துக்கொண்டு, இரண்டு கண்ணாடிகளை மாற்றி மாற்றிப் போட்டுச் சரிபார்ப்பார். எனக்குச் சிரிப்பாக வரும்.

"இந்தக் காலத்துல போய் நோட்டா மேடம்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"வேகம் சார், நான் ஃபைல் ரூம்லேர்ந்து வந்தவ. இன்னைக்கு வந்த நோயாளி ஃபைல் மேஜை மேல இருக்கும். வராதவங்க ஃபைல் அலமாரில இருக்கும். மேஜைய மட்டும் பாத்துட்டு, இவ்ளோதான் ஆளுங்கன்னு அலமாரிய எரிச்சிடலாமா?"

நான் சிரித்தேன். பெரிய கம்பெனியிலிருந்து வந்தவன் அல்லவா! அவரைவிட இரண்டு வயது மூத்தவன் வேறு. ஆனால் அங்கே நான் இன்னும் நிரந்தரமாகவில்லை.

அவர் மகளுக்குக் குடல்வால் அறுவை என்று பத்து நாள் விடுப்பு எடுத்தார். நான் சும்மா இருந்திருக்கலாம். எடுபிடியின் பட்டியலில் காலித் தெருக்கள் வரிசையாக வருவதைப் பார்த்து எனக்குக் கை அரித்தது. எடுபிடிக்காக அவர் எழுதிவைத்திருந்த பக்கத்தைத் திறந்து, கடைசியில் இரண்டு வரி சேர்த்தேன்: பட்டியலில் யாரும் இல்லாவிட்டால் தெருவை நீக்கு. அடுத்த நாள் பத்து மணிக்குப் பதினேழு தெருக்கள் போயின. மேடம் வந்ததும் காட்டிப் பெருமையடிக்கலாம் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அவருடைய விடுப்பின் எட்டாம் நாள் கவுன்டரில் ஒரு பெரியவர் வந்து நின்றார். "மாசம் பொறந்தா மொத திங்கக்கெழமையே ரத்தம் குடுக்க வரச்சொல்லிப் போன் வருமே. இந்த மாசம் ஏம்மா வரல? நான் பொழைச்சுக்கிட்டேன்னு நெனச்சுட்டீங்களா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாராம்.

மறுபரிசோதனைக்கு யார் யாரைக் கூப்பிட வேண்டும் என்று பட்டியல் போடும் கன்டெய்னர், மாதத்தின் முதல் திங்கட்கிழமை எழும். எழப் பார்த்திருக்கிறது. தெரு இல்லை. சத்தமில்லாமல் படுத்துவிட்டது. அந்த மாதம் யாருக்கும் போன் போகவில்லை.

தெருவைத் திரும்பப் போட ஐந்து நிமிடம் ஆனது. விடுபட்டவர்களை எல்லாம் இரண்டு நாளில் செவிலியர்கள் கூப்பிட்டுவிட்டார்கள். யாருக்கும் பெரிய பாதகம் இல்லை. அது எங்கள் சாமர்த்தியம் அல்ல, அதிர்ஷ்டம். ஆனால் அதற்கு முன்பே, யாரும் பார்க்காதபோது, நான் அந்த இரண்டு வரிகளையும் அழித்திருந்தேன். யார் எதைத் திருத்தினார்கள் என்று பதிந்து வைக்கும் வழக்கம் அப்போது எங்களிடம் இல்லை. பதிவேட்டில் இருந்தது ஒன்றுதான்: மேடத்தின் பெயரில் உள்ளே வந்த எடுபிடி பதினேழு தெருக்களை நீக்கியது.

அவர் திரும்பி வந்த அன்றே மேலாளர் எங்கள் இருவரையும் அழைத்தார்.

"லீவுக்குப் போறதுக்கு முன்னாடி ஏதோ மாத்திட்டுப் போயிருக்கீங்க" என்றார் அவரிடம்.

"நான் எழுதல சார்" என்றார் மேடம். பிறகு என் பக்கம் திரும்பினார். "வேகம் சார், உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

அவருக்குத் தெரியும். அந்த அறைக்கு வரும் மூவரில், மேலாளருக்கு எடுபிடியின் பக்கத்தைத் திறக்கவே தெரியாது. மீதி இரண்டே பேர். அவர் என்னைப் பிடித்துக் கொடுக்கவில்லை. எனக்கு வாசலைத் திறந்துவிட்டு நின்றார். நிரந்தர உத்தரவு வர இன்னும் ஐந்து வாரம் இருந்தது.

"தெரியாது மேடம்" என்றேன்.

அந்த இரண்டு சொல்லை இத்தனை வருடத்தில் எத்தனை முறை திரும்பச் சொல்லிப் பார்த்திருக்கிறேனோ! ஒருமுறைகூட நன்றாக வந்ததில்லை.

அந்த விசாரணை நடந்த ஒன்பதாம் நாள் அவரைக் கோப்பு அறைக்கே திருப்பி அனுப்பினார்கள். பதினோரு வருடம் படித்து இறங்கிய படியில் திரும்ப ஏறினார். நாற்காலியை நான் தூக்கிவரட்டுமா என்று கேட்டேன். கேட்க எனக்கு எங்கிருந்து முகம் வந்ததோ. "வேணாம், இது எனக்குப் பழக்கம்தான்" என்றார். போகும் முன் வாளியை ஊற்றிவிட்டுப் போனார். நோட்டை மேலாளரிடம் ஒப்படைத்தார். அவர் அதை அலமாரியில் போட்டுப் பூட்டினார். நான்கு வருடம் கோப்பு அறையில் இருந்துவிட்டு, வேலையை விட்டுவிட்டு மகள் ஊருக்குப் போய்விட்டார். அந்த நான்கு வருடமும் வழியில் பார்த்தால் தலையசைப்பார். அதுதான் என்னைத் தின்றது.

போன மாதம் எங்கள் அறையை மேல்தளத்துக்கு மாற்றினார்கள். அலமாரியை உடைத்தபோது நீல அட்டை நோட்டு கைக்கு வந்தது. தூங்குகிறவர்கள் பட்டியலைப் புரட்டினேன். கடைசி வரியில் அவருடைய உருட்டு எழுத்து:

வேகம் சார். தெரு: இந்த அறை. எழும் நாள்: சீக்கிரம்.

ஓரத்தில், விசாரணை நடந்த நாளின் தேதி. எனக்குக் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. இத்தனை வருடமாக ஒருத்தர் என்னை நல்லவன் பட்டியலில் வைத்துக் காத்திருந்திருக்கிறார்! அடுத்த சனிக்கிழமையே நோட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

கதவைத் திறந்தவர் தலை முழுக்க நரைத்திருந்தார். உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார். நான் ஒன்றும் விடாமல் சொன்னேன்: இரண்டு வரி, அழித்தது, ஐந்து வாரம். மேலாளருக்கு எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன் என்றும் சொன்னேன். பிறகு நோட்டைத் திறந்து அந்த வரியைக் காட்டினேன்.

"நீங்க எனக்காகக் காத்துக்கிட்டு இருந்தீங்க மேடம். இன்னைக்குத்தான் எந்திரிச்சேன்."

அவர் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு அந்த வரியைப் படித்தார்.

"இந்தப் பக்கத்த மட்டும்தான் பாத்தீங்களா?" என்றார்.

நோட்டை வாங்கிக் கவிழ்த்து, பின்பக்கத்திலிருந்து திறந்தார். அங்கே இன்னொரு தலைப்பு: 'இனி எழாதவை.' நிறுத்திவிட்ட கன்டெய்னர்களின் பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு தேதி. கடைசிப் பெயர் என்னுடையது. தேதி, அவர் நாற்காலியோடு படியேறிய நாள்.

"ஒம்போது நாள் பாத்தேன் சார்" என்றார். குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

எழுந்து வாசல்வரை வந்தார். நோட்டை என் கையிலேயே கொடுத்தார். "எடுத்துட்டுப் போங்க. அங்க இன்னும் யாராவது தூங்கிட்டு இருப்பாங்க."