பலகையில் வாசித்த சுரங்கள்

எங்கள் வீட்டுக் கீபோட் இடதுபக்கம் முடிகிற இடத்தில் ஒரு பலகை தொடங்கும். என் மனுசன் தன் பழைய வள்ளத்தைப் பிரித்தபோது எடுத்து வைத்த பலகை. அதைச் சீவி, கீபோட்டின் மட்டத்துக்கு மேசையில் ஆணி அடித்து இறுக்கி, வள்ளத்துக்குப் பூசி மிஞ்சிய பெயின்ரால் வெள்ளைக் கட்டைகளும் கறுப்புக் கட்டைகளும் கீறித் தந்தார். பியானோவின் முழு நீளம் கீபோட்டுக்கு இல்லை. சங்கீதச் சோதனைக்குத் தந்த பாட்டோ அந்த நீளத்தைக் கேட்டது. பொத்தானை அழுத்தினால் சுரங்களைக் கீழே இறக்கலாம்தான், ஆனால் அப்போது மேலே உள்ளவை போய்விடும். சின்னப் போர்வையைக் காலுக்கு இழுத்தால் தலை வெளியே வருகிற கதை. ஆகவே இல்லாத சுரங்களை நான் பலகையில் வாசித்தேன். கீபோட் பாடும், பலகை ‘டொக்’ என்னும்.

முல்லைத்தீவுக் கரையோரத்தில் எங்கள் ஊர்க் கத்தோலிக்கக் கோயிலில் பூசைக்குக் கீபோட் வாசிக்கிறவள் நான். பள்ளிக்கூடத்தில் தொண்டராசிரியர். தொண்டர் என்றால், பிள்ளைகள் ரீச்சர் என்று கூப்பிடுவார்கள், அதிபர் ஒன்பது வேலை சொல்லுவார், சம்பளப் பட்டியலில் மட்டும் ஆளைக் காணாது. மேலைச் சங்கீதச் செயன்முறைப் பரீட்சையில் தேறினால் நிரந்தர நியமனம் கிடைக்கும். இந்த முறை தவறினால் வயதெல்லை தாண்டிவிடும், பிறகு விண்ணப்பிக்கவே ஏலாது. கடலிலோ பெரிய படகுகள் வாரிக்கொண்டு போன மிச்சம்தான் எங்கள் ஆட்களின் வலைக்கு. என் மனுசன் வெறும் வள்ளத்தோடு கரையேறுகிற நாட்கள் கூடிக்கொண்டு வந்தன. இதைச் சோடித்துச் சொல்ல ஒன்றுமில்லை. எங்களுக்கு அந்த நியமனத்தை விட்டால் வேறு வழி இருக்கவில்லை.

பாட்டு ஒரு ஜெர்மன்காரர் எழுதியது. இறந்துபோய் எத்தனையோ தலைமுறை. அவருடைய சீவியத்தைப் பற்றியும் வாய்மொழியாகக் கேட்பார்கள் என்றதால், படித்ததையெல்லாம் முற்றத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த என் மனுசனுக்கு ஒப்புவிப்பேன். பெரிய பியானோக்காரன் ஆகவேண்டும் என்று வெறியோடு பழகி, இளவயதிலேயே ஒரு விரல் வழங்காமல் போனது. அதன் பிறகு அவர் எழுத, மனுசி ஊர் ஊராகப் போய் வாசித்தாள்.

“பாத்தியே, அங்கையும் மனுசிதான் உழைச்சிருக்கிறா” என்றார் என் மனுசன்.

“நானும் உழைக்கத்தானே பாக்கிறன். பகிடி விடாமல் கேளுங்கோ.”

பிற்காலத்தில் அந்த மனிதரின் காதுக்குள் ஒரே சுரம் இரவுபகலாகக் கேட்கத் தொடங்கியது. பித்துப் பிடித்தது. ஒருநாள் மழைக்குள் வீட்டை விட்டு இறங்கிப் போய்ப் பாலத்திலிருந்து ஆற்றில் குதித்துவிட்டார். இந்த இடம் வந்ததும் என் மனுசன் ஊசியைக் கீழே வைத்தார்.

“ஆர் தூக்கினது?”

“அந்த ஆத்து வள்ளக்காரர்.”

அவருக்கு முகமெல்லாம் வெளிச்சம், தானே தூக்கியதுபோல. “பிறகு?”

பிறகு அவரை மனநோய் விடுதி ஒன்றில் விட்டார்கள். மனுசியைப் பார்க்க விடவில்லை. கடைசி நாட்களில்தான் விட்டார்கள். அங்கேயே செத்துப்போனார்.

“வள்ளக்காரர் தங்கட வேலையைச் செய்திருக்கிறாங்கள்” என்றார் என் மனுசன். “கரையிலை நிண்டவங்கள்தான் கைவிட்டது.” அந்தக் கோபத்தில் அன்றைக்கு அவர் தேத்தண்ணிகூடக் குடிக்கவில்லை.

பாட்டை நான் பழகியது கைத்தொலைபேசியைப் பார்த்து. ஆரோ ஒரு வெள்ளைக்காரி வாசிப்பதைத் திரும்பத் திரும்பப் போடுவேன். அந்தச் சின்ன ஸ்பீக்கரில் அடிச்சுரங்கள் ஏறாது. அவளுடைய இடது கை கீழே போவது தெரியும், ஆனால் ஒன்றும் கேட்காது. கண்ணால் பார்த்த இடத்தில் நான் பலகையைத் தட்டினேன். மெதுவாகத் தட்டினால் மரத்தில் விரல் பட்டதே தெரியாது, தாளம் தவறிப்போகும். அதனால் ஓங்கித் தட்டினேன். மாதக்கணக்காக அப்படித்தான். எங்கள் வீட்டைப் பொறுத்தவரை அந்த ‘டொக்’கும் பாட்டில் ஒரு பங்கு. என் மனுசன் விசிலடிக்கும்போதுகூட அந்தந்த இடத்தில் நாக்கால் ‘டொக்’ போடுவார்.

சோதனை யாழ்ப்பாணத்தில். மண்டபத்தில் ஒரு கறுப்புப் பியானோ, பக்கத்து மேசையில் பரீட்சகராக ஒரு அம்மா. உண்மையான பியானோ ஒன்றின் முன்னால் நான் அன்றைக்குத்தான் முதன்முதல் இருந்தேன். முந்தி எங்காவது போய் ஒருக்கால் தொட்டுப் பார்த்திருக்கலாமே என்று இப்போது எல்லாரும் கேட்கிறார்கள். எங்கள் பக்கத்தில் பியானோ எங்கே இருக்கிறது? கீபோட்டும் பலகையும் சேர்ந்தால் பியானோ என்றுதான் நான் நம்பியிருந்தேன். நீளம் சரி, கட்டைகளின் அளவும் சரி. என் மனுசன் நூல் பிடித்து அளந்து கீறியது.

தொடக்கம் நன்றாகவே போனது. அந்த அம்மா தலையை லேசாக ஆட்டியது கடைக்கண்ணில் தெரிந்தது. இடது கை கீழே இறங்குகிற இடம் வந்தது. வழக்கம்போல ஓங்கித் தட்டினேன்.

பியானோ இடியாய் இடித்தது. காதில் கேட்கவில்லை, வயிற்றுக்குள்ளேதான் கேட்டது. எங்கள் பக்கத்தில் ஷெல்லடிக்குள் வளர்ந்த ஆளுக்கு அப்படி ஒரு சத்தம் திடீரென்று வந்தால் என்ன நடக்கும் என்று நான் விளக்கத் தேவையில்லை. கையை இழுத்துத் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு குனிந்துவிட்டேன். மெதுவாக வரவேண்டிய சுரம் அது. தாளிலும் அப்படித்தான் போட்டிருக்கிறது.

“பயப்பிடாதேங்கோ, திருப்பித் தொடங்குங்கோ” என்றார் அந்த அம்மா. நல்லவர்.

திருப்பித் தொடங்கினேன். அதே இடம் வந்தபோது இடது கை கட்டைகளுக்கு மேலே போய் நின்றது. இறங்கவில்லை. இறங்கு இறங்கு என்று மனதுக்குள் கத்துகிறேன், அது கேட்கவில்லை. வலது கையால் மட்டும் கடைசிவரை வாசித்து முடித்தேன்.

“அடிச்சுரம் எல்லாத்தையும் ஏன் விட்டனீங்கள்?”

‘எங்கள் வீட்டில் அவையெல்லாம் பலகை, அம்மா’ என்று சொல்லியிருக்கலாம். வெட்கமாக இருந்தது. “மறந்துபோனன்” என்றேன். அவர் பிறகு அந்த ஜெர்மன்காரரைப் பற்றிக் கேட்டார். ஆறு, பாலம், வள்ளக்காரர் எல்லாம் பிழையில்லாமல் சொன்னேன். அதற்கு இருந்த புள்ளி கொஞ்சம்தான். பின்னாளில் வந்த முடிவும் நான் அன்றைக்கே அறிந்ததைத்தான் சொன்னது.

பஸ் வட்டுவாகல் பாலத்தில் ஊர்ந்து போனபோது இரண்டு பக்கமும் தண்ணீர். மழைக்குள் இறங்கிப் போன அந்த மனிதரை அப்போதுதான் எனக்கு விளங்கியது, புத்தகத்தில் இருந்த ஆளாக அல்ல. பயந்துபோய் முன் சீற்றின் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பாலம் முடியும்வரை விடவில்லை.

என் மனுசன் தரிப்பிடத்தில் சைக்கிளோடு நின்றார். முகத்தைப் பார்த்ததும் என் பையை வாங்கிச் சைக்கிளில் மாட்டினார். வீட்டுக்கு வந்து, நான் சொல்லி அழுது முடிந்த பிறகு, பலகைக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்.

“என்ர பலகையாலைதான் எல்லாம்” என்றார்.

“விசர்க்கதை கதையாதேங்கோ.”

அவர் பலகையைத் தடவிப் பார்த்தார். “அந்த இடத்திலை உண்மையிலை என்ன சத்தம்தான் வாறது?”

எப்படிக் காட்டுவது? கீபோட்டின் கடைசிக் கட்டையை அழுத்தினேன். “இதுக்கும் கீழை.”

அவர் அந்தச் சுரத்தைத் தொண்டையால் பிடித்தார். பிறகு கீழே இறங்கினார்.

“இன்னும் கீழை.”

தாடையை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு இன்னும் இறங்கினார்.

“இன்னும்.”

குரல் கரகரத்து உடைந்து வெறும் காற்றாகப் போனது. இருமினார். கண்ணில் தண்ணீர் நின்றது. “இதுக்குக் கீழை என்னட்டை இல்லையப்பா.”

“இன்னொருக்காப் பாருங்கோ” என்று கெஞ்சினேன். “விட்டிடாதேங்கோ.”

அவர் கட்டியிருந்த சாரத்தால் முகத்தைத் துடைத்துவிட்டுத் திரும்பவும் மூச்சை இழுத்தார். நான் கடைசிக் கட்டையிலிருந்து விரலை எடுக்காமல் அப்படியே அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன்.