பானெட்டில் மூன்று வளையம்

நடந்தவற்றை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

1. அப்பாவின் கண்களில் புரை விழுந்தது. இனி கார் ஓட்டுவதில்லை என்று அவரே முடிவு செய்தார்.
2. பதினான்கு ஆண்டுகள் ஓட்டிய நீலக் காரை, பிரிக்பீல்ட்ஸில் சேலைக்கடை வைத்திருக்கும் ஒருவருக்கு விற்பதாக ஒரு கல்யாணப் பந்தியில் வாக்குக் கொடுத்தார்.
3. அந்தக் கார் எனக்கு வேண்டும் என்று நான் கேட்டது அதற்கு மறுநாள்.
4. கடைக்காரர் வந்து பார்ப்பதற்குள் காரைத் தேய்த்துப் பளபளப்பாக்கும் வேலை என்னிடம் வந்தது.
5. ஓர் இடத்தில் அதிகமாகத் தேய்த்துவிட்டேன். அதை மறைத்தேன்.
6. வந்தவர் காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இது எங்கோ மோதிய கார் என்றார்.

ஏழாவதை எழுதும் முன் கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கிறது.

இரண்டு வருடத்துக்கு முன், எண்பத்தைந்தில், நாங்கள் கிள்ளான் துறைமுகத்துக்குப் பக்கத்தில், பண்டமாரானில் ஒரு வரிசை வீட்டில் இருந்தோம். அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். நான் பாலிடெக்னிக்கில் டிப்ளோமா முடித்து, ஷா ஆலமில் வண்டி உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. தொழிற்சாலை பஸ் காலை ஐந்து மணிக்கே முச்சந்திக்கு வந்துவிடும். கிள்ளான் முழுவதும் சுற்றி ஆள் ஏற்றிக்கொண்டு ஷா ஆலம் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம். காரில் போனால் அரை மணி. லைசென்ஸ் கையில் இருந்தது. கார் மட்டும் இல்லை.

"வாக்குக் குடுத்துட்டேன்மா," என்றார் அப்பா. "ஒரு நாளு முன்னாடி கேட்டிருக்கக் கூடாதா?"

"அவரு வேணாம்னு சொல்லிட்டா?"

"சொன்னா நீயே எடுத்துக்க. சொல்ல மாட்டாருலா."

இதுதான் எங்களுக்குள் இருந்த ஒப்பந்தம். அப்பா எதையும் இரண்டாவது தடவை பேசுகிறவர் அல்ல.

தேய்க்கும் வேலை என்னிடம் வந்ததற்குக் காரணம் என் உத்தியோகம். எஃகுத் துண்டை வெட்டி, கண்ணாடி போல் ஆகும் வரை மெருகேற்றி, மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்ப்பதுதான் அங்கே என் அன்றாட வேலை. அதை வீட்டில் ஒருமுறை விளக்கியிருந்தேன். அப்பா ஞாபகம் வைத்திருந்தார்.

அம்மாவுக்கு வேறு கணக்கு இருந்தது. "எதுக்குடி தேய்க்கிற? அப்படியே விடு. இந்த மூஞ்சியப் பாத்தா அவரே ஓடிருவாரு," என்றாள்.

அதை நானும் யோசிக்காமல் இல்லை. ஒரு அரை நாள் யோசித்தேன். ஆனால் கீறலோடு ஒரு துண்டை மைக்ராஸ்கோப்புக்குக் கொண்டுபோனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஒரு வருடம் அப்படித் திரும்பி வந்து வந்து, அரைகுறையாகத் தேய்ப்பது எப்படி என்பதே என் கைக்கு மறந்துபோயிருந்தது. நேர்மை என்றெல்லாம் சொல்ல மாட்டேன். பழக்கம்.

கார் இருந்த நிலையைச் சொல்ல வேண்டும். வெயிலும் கடல் காற்றும் பட்டுப் பெயிண்ட் சுண்ணாம்பு பூத்திருந்தது. விரலால் தொட்டால் நீலப் பொடி ஒட்டும். கூரை, பள்ளிக்கூடக் கரும்பலகை மாதிரி இருந்தது. உள்ளே எஞ்சின், இருக்கை எல்லாம் அப்பா வைத்திருந்தபடி சுத்தம். வெளியே மட்டும்தான் வயது தெரிந்தது.

எனக்குப் பதினைந்து நாள் இருந்தது. படிகளை ஒரு தாளில் எழுதிப் போர்ச் சுவரில் ஒட்டினேன். முதலில் சோப்புத் தண்ணீர். தார்ப் புள்ளிகளுக்கு மண்ணெண்ணெய், பிறகு மறுபடியும் சோப்பு. தண்ணீரில் ஊறவைத்த வாட்டர் பேப்பர் என்ற உப்புத்தாள், ஆயிரத்து இருநூறாம் நம்பர், பின் அதைவிட நைசான இரண்டாயிரம். அதன் பிறகு கம்பவுண்ட் என்ற மெருகுப் பசை, மெழுகு. தாளின் அடியில் பெரிய எழுத்தில், தகரம் சூடாக இருந்தால் தொடாதே என்று எழுதியிருந்தேன். நல்லவேளையாக அந்த மாதம் தினமும் மாலை நாலு மணிக்கு மழை பெய்தது. ஐந்து மணிக்கு நான் பஸ்ஸை விட்டு இறங்கும்போது கார் குளிர்ந்து காத்திருக்கும்.

எஃகுக்கான விதியேதான் இதற்கும். வட்டமாகத் தேய்க்கக் கூடாது. நேர்கோட்டில் தேய்க்க வேண்டும். அடுத்த தாளுக்கு மாறும்போது திசையைக் குறுக்காக மாற்ற வேண்டும். முன் தாள் போட்ட கீறல்களை அடுத்த தாள் அழிக்க வேண்டும். ஒரு கீறல் மிச்சமிருந்தாலும் அடுத்த படிக்குப் போகக் கூடாது. துணியெல்லாம் நீலமாகிவிட்டது. வாளித் தண்ணீரை ஊற்றினால் வாசல் கால்வாயில் மைபோல ஓடியது. ஊரே பார்க்கிறது என்று அம்மா குறைப்பட்டாள்.

பளபளப்பை அளக்க எனக்கு ஒரு சோதனை வேண்டியிருந்தது. நாளிதழைக் கூரைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் பிடித்து, அதன் பிம்பத்தைப் பார்ப்பேன். எழுத்து கவிழ்ந்து தெரியும்; ஆனாலும் படிக்கலாம். முதல் வாரம் தலைப்புச் செய்தி மட்டும் தெரிந்தது. பத்தாம் நாள் மரண அறிவித்தல்களில் பேரப்பிள்ளைகளின் பெயர் வரை படிக்க முடிந்தது. கூரை முடிந்தது என்று தாளில் குறித்தேன். கதவுகள் முடிந்தன. பானெட் மிச்சம்.

தவறு அங்கேதான் நடந்தது. எஃகுத் துண்டை எவ்வளவு தேய்த்தாலும் அடியில் எஃகுதான் இருக்கும். பெயிண்ட் அப்படியல்ல, அது முடிந்துபோகும். பானெட்டின் நடுவில் முன்னும் பின்னுமாக ஒரு மேடு ஓடும். மேடுகளில் பெயிண்ட் இன்னும் மெல்லிசு. அங்கே டேப் ஒட்டி மறைத்துவிட்டுத் தேய்த்திருக்க வேண்டும். அது என் தாளில் இல்லை, ஏனென்றால் எஃகு மெருகேற்றுவதில் அப்படி ஒரு படி கிடையாது. புதன்கிழமை மாலை அந்த மேட்டில் ஒரே ஒரு கீறல், ஒரு பக்கம் சாய்ந்து பார்த்தால் மட்டும் தெரிவது, போகாமல் நின்றது. இன்னும் கொஞ்சம் தேய்த்தேன். இன்னும் கொஞ்சம். துணியில் நீலத்துக்குப் பதிலாகச் சாம்பல் நிறம் வந்தது. கையை எடுத்தபோது நேரம் கடந்திருந்தது.

இருபது காசு அளவுக்கு ஒரு புள்ளி. நடுவில் வெறும் எஃகு, அதைச் சுற்றிச் சாம்பல் நிற அடிப்பூச்சு ஒரு வளையம், அதற்கு வெளியே நீலம். எஃகு மட்டும் மிக அழகாக மின்னியது.

அப்பாவிடம் சொல்லவில்லை. மூன்று நாள் பானெட்டின் மேல் ஒரு பழைய போர்வையைப் போட்டு வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை அம்மாவிடம் போய், காருக்குப் பொட்டு வையுங்கள் என்றேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். வெள்ளிக்கிழமைதோறும் அவள் பானெட்டில் வைக்கும் சந்தனத்தால் பெயிண்டில் கறை விழுகிறது என்று பல வருடமாகச் சண்டை போட்டவள் நான்தான்; அந்த வெள்ளிக்கிழமைகூட வைக்க விடவில்லை. சந்தனம் குழைத்துக்கொண்டு வந்தாள். எங்கே என்றாள். நான் காட்டிய இடத்தில் வட்டமாக அப்பி, நடுவில் குங்குமம் வைத்தாள். பெயிண்டைத் தவிர எல்லாம் சரியாக இருந்தது.

சேலைக்கடைக்காரர் பத்து மணிக்கு டாக்சியில் வந்தார். கடைக்குப் போகிற மாதிரி வெள்ளைச் சட்டை. அப்பா அன்றைக்கு நீளக் கால்சட்டை போட்டுக்கொண்டு கேட் அருகில் நின்றார். வந்தவர் காரை ஒரு சுற்றுச் சுற்றினார். ஓட்டுநர் கதவில் தன் முகத்தைப் பார்த்து மீசையைக்கூடத் தடவிக்கொண்டார். நான் வாசல்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது எனக்குப் பெருமைதான், மறைப்பதற்கில்லை.

இரண்டாவது சுற்றில் அவர் முகம் மாறியது. விரல் முட்டியால் கதவைத் தட்டிக் காதைக் கிட்டே வைத்தார். கைக்குட்டைக்குள்ளிருந்து ஒரு சின்னக் காந்தத்தை எடுத்து அங்கங்கே வைத்துப் பார்த்தார். மோதிய பள்ளத்தைப் புட்டி வைத்து அடைத்திருந்தால் காந்தம் ஒட்டாது. எல்லா இடத்திலும் ஒட்டியது. அதிலும் அவருக்குத் திருப்தி இல்லை. பானெட்டிலும் தட்டினார், பொட்டை மட்டும் தொடாமல், மரியாதையாகச் சுற்றித் தட்டினார்.

"பதினாலு வருசக் காருக்கு இந்த மினுக்குக் கெடையாதுண்ணே," என்றார். "எங்கயோ அடிச்சு, புதுசா ஸ்ப்ரே பண்ணிருக்கீங்க. முன்னாடியே சொல்லிருந்தா பரவால்ல."

"ஒரு தடவகூட மோதல, முதலாளி."

"நீங்க சொல்றீங்க. காரு வேற சொல்லுதே."

மகள் கையால் தேய்த்தது என்று அப்பா சொல்லிப் பார்த்தார். கையால் தேய்த்து இப்படி வராது, என் கடைத் தெருவில் எத்தனை பட்டறை பார்க்கிறேன் என்று அவர் சிரித்தார். அதோடு அப்பா நிறுத்திவிட்டார்.

நான் கணக்குப் போட்டேன். அவர் வேண்டாம் என்கிறார். வேண்டாம் என்றால் கார் எனக்கு. நான் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை, வாசல்படியில் பேசாமல் நிற்பது மட்டும்தான். அடுத்த நாள் காலை ஐந்து மணிக்குப் பதில் ஆறு மணிக்குக் கிளம்பினால் போதும்.

அப்பா குனிந்தார். புரை விழுந்த கண்ணைக் கதவுக்கு வெகு அருகில் கொண்டுபோய், கையால் தடவிக்கொண்டே, முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை மெதுவாகப் பார்த்துக்கொண்டு போனார். தான் மறந்துபோன ஏதாவது ஒரு மோதல் அங்கே இருக்கிறதா என்று அவரே தேடுகிற மாதிரி இருந்தது. முப்பது வருடம் கிரேனில் ஒரு பெட்டியைக்கூடத் தவறவிடாத மனிதர்.

அதற்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை. வாளியிலிருந்த ஈரத்துணியை எடுத்துக்கொண்டு பானெட்டிடம் போனேன்.

"ஏய், பொட்ட அழிக்காதடி," என்றாள் அம்மா, தேநீர்த் தட்டோடு.

அழித்தேன். குங்குமம் முதலில் போனது, பிறகு சந்தனம். புள்ளி வெயிலில் மின்னியது.

"அங்கிள், இங்க வந்து பாருங்க," என்றேன். நடுவில் எஃகு, அதற்கு மேல் சாம்பல் பூச்சு, அதற்கு மேல் நீலம், மூன்றே வளையம்தான் என்று காட்டினேன். இன்னொரு தடவை பெயிண்ட் அடித்த காராக இருந்தால் இடையில் பழைய நீலம் தனி வளையமாகத் தெரிந்திருக்கும். இது தொழிற்சாலையில் பூசிய பெயிண்ட். நான்தான் தேய்த்துத் தேய்த்து இதைத் தாண்டினேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். வியாபாரிக்கு ஒரு சந்தேகம் தீர்ந்தால் அடுத்தது வரும். "பானெட்டு சரிம்மா. கதவு?"

"எந்த எடம்னு காட்டுங்க. அங்கயும் இதே மாதிரி தேச்சுக் காட்டுறேன்."

வாளியிலிருந்து வாட்டர் பேப்பரை எடுத்துவிட்டேன். அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா நிமிர்ந்து நின்றார்.

"தேய்மா," என்றார். "அவரு காட்டுற எடத்துல தேய்."

சேலைக்கடைக்காரர் இரண்டு கையையும் தூக்கினார். "வேணாம் தாயி, வேணாம். தப்பாப் பேசிட்டேண்ணே." பிறகு, காரை எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்.

இதுதான் ஏழாவது.

அந்தப் புள்ளிக்குப் பெயிண்ட் வைத்துக் கொடுக்க இரண்டு நாள் கேட்டேன். அவர் சம்மதிக்கவில்லை. "இருக்கட்டும். நாளைக்கு நான் விக்கிறப்ப எவனாச்சும் இதேதான் கேப்பான்," என்றார். வெறும் எஃகில் துரு வரும் என்பதால், என்னிடமிருந்த நிறமில்லாத நகப்பூச்சை மூன்று முறை பூசிவிட்டேன்.

அவர் போன பிறகு அப்பா கேட்டது ஒரே கேள்வி: "எப்ப ஆச்சு?" புதன்கிழமை என்றேன். தலையாட்டிவிட்டு உள்ளே போனார். அம்மாதான் விடவில்லை.

"பேசாம நின்னிருந்தா காரு உனக்குடி."

"தெரியும்மா."

"தெரிஞ்சுமா?" என்று கேட்டுவிட்டு, சந்தனக் கிண்ணத்தைக் கழுவப் போனாள்.

அடுத்த இரண்டு வருடம் ஐந்து மணி பஸ்ஸில் போனேன். என் தாளில் ஒரு படியைக் கூடுதலாகச் சேர்த்தேன்: மேடுகளுக்கும் ஓரங்களுக்கும் முதலில் டேப்.

இப்போதைய நிலவரம் இது. நீலக் கார் பிரிக்பீல்ட்ஸில், அந்தக் கடை வாசலில் நிற்கிறது. நகப்பூச்சு தாங்குகிறது, துரு இல்லை. அப்பாவுக்குக் கண் அறுவை முடிந்துவிட்டது; நான் ஓட்டும்போது பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வழி சொல்கிறார். நான் வாங்கிய பழைய சிவப்புக் கார் போர்ச்சில் இருக்கிறது. கூரையும் நான்கு கதவும் முடிந்தன. பானெட்டில் டேப் ஒட்டியாகிவிட்டது. இரண்டாயிரம் நம்பர் தாள் தண்ணீரில் ஊறுகிறது.