சுணையில்லாத செடி

மீனம்பாளுக்கு இலைமுடியின் சுணை என்றால் இளக்காரம். செஞ்சியை அடுத்த வல்லம் பக்கத்தில், மல்லாட்டை எனும் நிலக்கடலைக் கொல்லைகளில் களையெடுத்தே நாற்பத்தாறு வயதை எட்டியவள். செந்தட்டி பட்டால் ஊசி ஊசியாகக் குத்தும். கூட வந்த பெண்கள் அலறுவார்கள், இவள் அடுப்புச் சாம்பலைத் தேய்த்துக்கொண்டு வேலையைப் பார்ப்பாள். நாய்க்கடுகின் முடி பிசுபிசுவென்று விரலில் ஒட்டும், அவ்வளவுதான். துத்தி இலையிலோ கன்றுக்குட்டிக் காது மாதிரி மெத்தென்ற முடி. கையில் பட்டதும் உறைப்பதுதான் சுணை என்று முடிவு கட்டியிருந்தாள் மகராசி.

அந்தக் கணக்கில்தான் பார்த்தீனியம் நல்ல செடியாகிப் போனது. குத்தாது, ஒட்டாது. பிடுங்கியதை வீணாக்குவானேன் என்று நாலு செடியை முறுக்கிச் சும்மாடாகத் தலையில் வைத்து, அதன்மேல் மல்லாட்டைக் கொடிக்கட்டைத் தூக்குவாள். தன்னோடு களையெடுக்கும் மங்கைக்கும் அதைக் கற்றுக்கொடுத்தாள்.

போன சித்திரையில் இமையும் கழுத்தும் தடித்தன. வழக்கம்போலச் சாம்பல் தேய்த்தாள். ஆடிக்குள் தோல் கறுத்து வெடித்து நீர் வடிந்தது.

"அந்தச் செடியிலயும் முடி இருக்குதும்மா, சின்னச் சின்னதா. குத்தாது. ஆனா அதுல இருக்குற விஷத்த உடம்பு கொஞ்சம் கொஞ்சமா பகையாப் புடிச்சுக்கும். இனிமே காத்துல வந்தாலே உனக்குப் போதும்," என்றார் செஞ்சி ஆஸ்பத்திரித் தோல் டாக்டரம்மா.

"திரும்ப வேலைக்கு எப்பம்மா போலாம்?"

"கொல்லப் பக்கமே போவாத."

காற்றுக்கு யார் வேலி போடுவது? கோட்டை அடிவாரம் முதல் அவள் வீட்டுச் சாக்கடை வரை அந்தச் செடிதான். கதவைச் சாத்திக்கொண்டு வெந்து கிடந்தாள். வேலை போனதைவிட, மங்கையின் பேச்சில்லாமல் நாள் போவதுதான் கொடுமையாக இருந்தது.

ஒருநாள் சாயங்காலம் மங்கையே வந்தாள். மடி நிறைய மல்லாட்டை, தலையில் புல்லுக்கட்டு. மீனம்பாள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். கட்டுக்கு அடியில் அதே பச்சைச் சும்மாடு.

"அடியே, அதத் தூக்கிப் போடுடி! அதான்டி என்ன இப்டி ஆக்கிடுச்சு!"

"சும்மா இரு அக்கா. நீ கத்துக்குடுத்ததுதான? இத்தினி வருசமா எனக்கு இன்னா ஆயிடுச்சு? சுணையே இல்ல, பட்டாட்டம் இருக்குது. கதவத் தொற."

மீனம்பாள் திறக்கவில்லை. கெஞ்சினாள், திட்டினாள், அழுதுகூடப் பார்த்தாள். வேலை போன கடுப்பில் பேசுகிறாள் என்று மங்கைக்கு முகம் சுண்டிவிட்டது. மல்லாட்டையை வாசற்படியில் கொட்டிவிட்டு நடந்தாள்.

தெருமுனை வரை ஒரு கையால் கட்டைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் கழுத்தைச் சொறிந்துகொண்டே போனாள். வீட்டுக்குப் போனதும் சாம்பல் தேய்த்துக்கொள்வாள். அதுவும் மீனம்பாள் சொல்லிக்கொடுத்ததுதான்.