அத்தையின் கல்யாணத்துக்கு ஹாரன் இல்லாமல் போனோம்

அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். ஓய்வு பெற்றதும் அவர் வாங்கிய முதல் பொருள் ஒரு பழைய பெரிய செடான் கார். ஒரு கம்பெனி மேலாளர் ஓட்டிச் சலித்துப்போய்த் தள்ளிவிட்டது. இவ்வளவு பெரிய வண்டி எதற்கு என்று கேட்டால், உயரத்தில் உட்கார்ந்து பழகியவருக்குச் சின்னக் காரில் மூச்சு முட்டுமாம். திருவொற்றியூரில் எங்கள் தெரு அதற்குக் ‘கப்பல்’ என்று பெயர் வைத்தது. அது தெருவுக்குள் திரும்பினால் எதிர்வீட்டார் தங்கள் பைக்கை வாசலுக்குள் இழுத்துக்கொள்வார்கள்.

எனக்கு எண்ணூரில் ஒரு தொழிற்சாலையில் மின் பராமரிப்பு வேலை. பேனல் கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டு, எந்த ஃபியூஸ் போயிற்று, எந்த ரிலே படுத்துவிட்டது என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. அதனால் கப்பலின் மின்சாரப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு ஃபியூஸ் பெட்டி, பானெட்டுக்குள் ஒன்று. இரண்டிலும் எது எங்கே என்று எனக்கு மனப்பாடம். கைப்பையில் ஒரு மீட்டர், ஃபியூஸ் பிடுங்கும் சின்ன பிளாஸ்டிக் இடுக்கி, எல்லா நிறத்திலும் மாற்று ஃபியூஸ் என்று ஒரு பட்டியல் போட்டு வைத்திருந்தேன். அந்தப் பட்டியலில் மாற்று ரிலே இல்லை.

அத்தை அப்பாவின் தங்கை. எம்.கே.பி. நகரில் தனியாக இருந்தவள். ஒரு தனியார் மருத்துவமனையில் ரத்தம் எடுக்கும் வேலை. "வலிக்காதும்மா, அந்தப் பக்கம் பாருங்க" என்று பஞ்சு மாதிரி பேசுவாள். கணவர் போய்ப் பல வருடம் கழித்து, சர்க்கரை பார்க்க வந்த ஒருவரைக் கல்யாணம் செய்துகொள்வதாக வந்து சொன்னாள். அவர் மணலியில் ஒரு பாய்லர் பட்டறையில் மேற்பார்வையாளர். சுத்தியல் சத்தத்திலேயே வாழ்ந்து காது கொஞ்சம் மந்தம். அத்தை சொன்ன எல்லாவற்றையும் இரண்டு முறை கேட்டார் என்றுதான் பழக்கமே ஆரம்பித்ததாம்.

பதிவுத் திருமணம். ராயபுரத்துப் பக்கம் அலுவலகம். நோட்டீஸ் கொடுத்தால் மூன்று மாதம் செல்லும். அதற்குள் ஒருமுறை மாப்பிள்ளையின் பட்டறையில் ஆய்வு, ஒருமுறை அத்தைக்குக் காய்ச்சல், ஒருமுறை அப்பாவின் முகம் சரியில்லை. இப்படியே தள்ளித் தள்ளி, கடைசி நாளில் வந்து நின்றோம். அன்று திருமணங்களுக்கு மதியச் சாப்பாடு வரைதான் நேரம்; அதற்குள் போகாவிட்டால் புது நோட்டீஸ் போட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

"இன்னொரு மாசம் அந்த நோட்டீஸ் போர்டுல என் போட்டோ தொங்கினு இருக்கணுமா?" என்றாள் அத்தை. "இந்தத் தடவையே போற வர்றவன்லாம் பாத்துட்டுப் போறான். அதுல நான் திருடி மாதிரி வேற கீறேன்."

அம்மா மாலைகளையும் இனிப்பையும் எடுத்துக்கொண்டு கும்மிடிப்பூண்டியிலிருந்து வரும் ரயிலில் முன்னாடியே போய்விட்டாள். கப்பலில் ஏற மாட்டேன் என்பது அவள் கொள்கை. அப்பா, முந்தின நாளே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்ட அத்தை, நான் மூவரும் காரில். ஊருக்குள் போகும் வழி காலியாக இருக்கிறது என்று போனைக் காட்டிச் சொன்னேன். அப்பா போனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஆர்பர் ரோட்டப் பத்தி எனக்கே சொல்றியா? அது என் ரோடு."

அவருடைய ரோட்டில் கண்டெய்னர் லாரிகள் கண்ணுக்கெட்டிய தூரம் வரை நின்றிருந்தன. அவற்றுக்கு நடுவே ஊர்ந்து போனோம். இடது பக்கம் கடல் இருக்க வேண்டும். எனக்குத் தெரிந்ததெல்லாம் லாரிச் சக்கரங்கள். காசிமேட்டுக்குக் கொஞ்சம் முன்னால் எஞ்சின் ஒரு முறை இருமிவிட்டு நின்றது.

அப்பா சாவியைத் திருப்பினார். எஞ்சின் சுற்றியது, பிடிக்கவில்லை. மறுபடி திருப்பினார்.

"பேட்டரி பூட்ச்சி" என்றார்.

"பேட்டரி போனா சுத்தவே சுத்தாதுப்பா. சும்மா இரு, சாவிய மட்டும் போடு."

சாவி போட்டதும் பின் சீட்டுக்கு அடியிலிருந்து மெல்லிய ஓர் ‘ஊங்’ வரும். பெட்ரோல் பம்பு வேலையைத் தொடங்கும் சத்தம் அது. பின் சீட்டில் பட்டுப்புடவையோடு உட்கார்ந்திருந்த அத்தையை எழுப்பி, சீட்டில் காதை வைத்துக் கேட்டேன். ஒன்றும் இல்லை.

பானெட்டைத் திறந்தேன். வரிசையில் மணிக்கணக்காக நின்று சலித்த லாரி ஓட்டுநர்களுக்குத் திறந்த பானெட்டைவிட நல்ல பொழுதுபோக்கு கிடையாது. நிமிர்ந்து பார்ப்பதற்குள் ஐந்தாறு தலைகள்.

"இன்னா நைனா, கண்ணாலமா?" என்று ஒருவர் அப்பாவைக் கேட்டார். "எலுமிச்சம்பழம் வெச்சி ஏத்தலியா?"

"நாங்க பௌத்தம்பா" என்றார் அப்பா.

"அதுக்கு? வண்டி பௌத்தமா?"

அதற்குள் இன்னொருவர் சிகரெட் பெட்டியிலிருந்து வெள்ளித்தாளைக் கிழித்து நீட்டினார். "ஃபியூஸ்ல சுத்தும்மா. அப்டியே பறக்கும்."

"ஃபியூஸ் நல்லாத்தான்ணே கீது" என்று மீட்டரை வைத்துக் காட்டினேன். "அதுல தாளச் சுத்துனா, அடுத்த தபா ஃபியூஸ் எரியறதுக்குப் பதிலா ஒயரு எரியும். ஃபியூஸ் எரியறதுக்குன்னே இருக்கறது. ஒயரு அப்டி இல்ல."

அவர் கொஞ்சம் யோசித்தார். "போன மாசம் என் வண்டில ஒயருதான் எரிஞ்சிது" என்றார். வெள்ளித்தாள் சட்டைப்பைக்குத் திரும்பியது.

பம்பின் ரிலேமேல் விரலை வைத்துக்கொண்டு அப்பாவைச் சாவி போடச் சொன்னேன். விரலுக்குள் ஒரு ‘டிக்’ தெரிய வேண்டும். தெரியவில்லை. கையைச் சுட்டது, அவ்வளவுதான்.

அத்தை புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தாள். "ஃபியூஸ் தெரியும். ரிலேன்னா இன்னா?"

"நீ ஆஸ்பத்திரில மணி அடிச்சா வார்டு பாய் வந்து ஸ்ட்ரெச்சரத் தள்றாரு இல்ல? மணி அடிக்க உனக்கு ஒரு விரல் போதும். தள்றதுக்கு அவரு வேணும். சாவி மணி அடிக்குது. ரிலே வந்து பெரிய கரண்ட்டத் தள்ளும்."

"அந்தாளு மணி அடிச்சா வரவே மாட்டானே."

"அதேதான் இப்ப ஆயிருக்கு."

நல்ல செய்தி ஒன்று இருந்தது. இந்தப் பெட்டியில் அதே மாதிரி ரிலே இன்னும் மூன்று. அதே எண், அதே கால்கள். பிடுங்கி இங்கே சொருகினால் வண்டி ஓடும். எதைப் பிடுங்குவது என்பதுதான் கேள்வி. முதலாவது ரேடியேட்டர் மின்விசிறி. அதை எடுத்தால் ராயபுரம் வருமுன் எஞ்சின் கொதித்துவிடும். இரண்டாவது ஏசி. மூன்றாவது ஹாரன். பகலில் தேவைப்படாத ஹெட்லைட்டின் ரிலேயோ வேறு சாதி. கால் பொருந்தாது.

"ஏசியா, ஹாரனா? ஒண்ணு சொல்லுங்க" என்றேன்.

"ஏசி" என்றார் அப்பா உடனே. ஹாரன் அவருக்கு மூச்சு மாதிரி. திரும்பும்போது அடிப்பார், நிற்கும்போது அடிப்பார், காலி ரோட்டில் சும்மா இருக்கிறோமே என்று அடிப்பார்.

"கம்னு இருண்ணா" என்றாள் அத்தை. "காலைல அஞ்சு மணிக்கி எழுந்து பூசின பவுடரு. இந்த வெய்யில்ல ஏசி இல்லாம போனா நோட்டீஸ் போர்டுல கீற மூஞ்சிகூட மிஞ்சாது. ஹாரனப் புடுங்கு."

அவளுடைய கல்யாணம். ஹாரனைப் பிடுங்கினேன். சொருகினேன். பின் சீட்டுக்கு அடியில் ‘ஊங்’ என்றது. லாரிக்காரர்கள் கைதட்டினார்கள். இரண்டு பேர் தங்கள் லாரிகளைக் கொஞ்சம் ஒடித்து எங்களுக்கு வழியும் விட்டார்கள்.

வரிசையைத் தாண்டியதும் குறுக்கே ஒரு மூன்று சக்கர மீன்பாடி வண்டி. அப்பா ஸ்டியரிங்கின் நடுவே அறைந்தார். மௌனம். மறுபடி அறைந்தார். கைக்கே ஏதோ ஆகிவிட்டது போல உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார்.

"நான் ஓட்ட மாட்டேன்" என்றார். "இது கண்ணு தெரியாம ஓட்ற மாதிரி."

"உனக்குக் கண்ணு தெரியுதுண்ணா, அவனுக்குத்தான் காது கேக்கணும்" என்ற அத்தை பின் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினாள். "யோவ் மீன்பாடி! ஒத்துயா! உள்ள கண்ணாலப் பொண்ணு கீது!"

மீன்பாடி ஒதுங்கியது.

ரத்தம் எடுக்கும் அறையில் நான் கேட்ட குரல் இல்லை அது. புளியந்தோப்பில் பிறந்து வளர்ந்து, வெள்ளைக் கோட்டுக்குள் இத்தனை வருடம் மடித்து வைத்திருந்த குரல். ஷேர் ஆட்டோவுக்கு ஒன்று: "மாமு, அந்தாண்ட தள்ளி ஏத்து!" மாட்டுக்கு ஒன்று, அதை எழுத வராது. போன் பேசிக்கொண்டே குறுக்கே நடந்தவனுக்கு: "டேய் கஸ்மாலம், உன் ஆளு எங்கியும் ஓடிட மாட்டா, எனக்குத்தான் டைம் ஆவுது!" அப்பாவுக்கும் தெம்பு வந்தது. ஸ்டியரிங்கைத் தட்டுவார், அத்தை கத்துவாள். தட்டும் வேகத்துக்கு ஏற்பக் கத்தலும் நீண்டது. ஏசி தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. திறந்த ஜன்னலில் வெயிலும் புழுதியுமாகப் பவுடர் எப்போதோ கழுத்துக்கு இறங்கிவிட்டது.

நடுவில் அம்மா போனில்: "எங்க கீறீங்க? இன்னாது அது பின்னாடி சத்தம்?"

"ஹாரன்மா" என்றேன்.

சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் போய்ச் சேர்ந்தோம். படியில் மாப்பிள்ளை வெள்ளைச் சட்டையில் வேர்த்து நின்றிருந்தார். அத்தை அவரைப் பார்த்து வாயைத் திறந்தாள். காற்று மட்டும் வந்தது. பழைய மிதிவண்டிப் பம்பில் வருமே, அந்த மாதிரி ஒரு காற்று. அவர் வழக்கம்போலக் காதைக் கொடுத்து, "இன்னா?" என்றார்.

உள்ளே பதிவாளர் அம்மா காகிதங்களைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். மாப்பிள்ளை தன் உறுதிமொழியைப் பட்டறையில் சொல்வதுபோல அந்தக் கட்டடத்துக்கே கேட்கும்படி சொன்னார். அடுத்து அத்தை.

"சொல்லுங்கம்மா. இவரைச் சட்டப்படி கணவரா ஏத்துக்கறேன்னு."

அத்தையின் உதடு அசைந்தது.

"சத்தமா."

மறுபடி அசைந்தது. பதிவாளர் பேனாவைக் கீழே வைத்தார். கலைந்த பவுடர், சிவந்த கண், பேசாத பெண். பார்வை மெதுவாக அப்பாவிடம் போனது.

"நீங்க யாரு? அண்ணனா? இவங்க ஏன் பேச மாட்டேங்கறாங்க? யாராவது கட்டாயப்படுத்திக் கூட்டிட்டு வந்தீங்களா?"

அத்தை கையைப் பலமாக ஆட்டினாள். அது இன்னும் மோசமாகத் தெரிந்தது. நான் ரிலேயிலிருந்து ஆரம்பித்து விளக்கினேன். பானெட்டுக்குள் இருக்கும் பெட்டி வரை வந்தபோது, பதிவாளர் என்னையும் சந்தேகமாகப் பார்க்கத் தொடங்கிவிட்டது தெரிந்தது. நிறுத்திக்கொண்டேன்.

"மேடம்" என்றார் அப்பா. "இவளையா நான் கட்டாயப்படுத்துவேன்? நான் வேணாம்னு சொன்னவன் மேடம். இந்த வயசுல இன்னாத்துக்குன்னு கேட்டேன். ஒரு மாசம் மூஞ்ச தூக்கினு இருந்தேன். கேட்டாளா? என் பேச்ச இவ எப்ப கேட்டா? ஹாரன் வேணும்னேன், அதக்கூடக் கேக்கல. இவளுக்குப் புடிக்கலன்னா நானு, நீங்க, இந்த ஆபீஸு, யாராலயும் இவள இங்க நிக்க வெக்க முடியாது."

அத்தை அவரைப் பார்த்தாள். ஆரம்பத்தில் வேண்டாம் என்றவர், அதற்குப் பிறகு என்ன நினைக்கிறார் என்று இந்த மூன்று மாதமும் யாரிடமும் வாய் திறந்து சொன்னதில்லை.

பதிவாளர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றினார். "சரி. ஆனா நான் கேக்கணும். வாயால சொல்றதுதான் சட்டம்." பியூனிடம் திரும்பினார். "அந்த ஃபேனை நிறுத்துப்பா."

கடகடத்துக்கொண்டிருந்த மின்விசிறி நின்றது. அடுத்த மேசையில் தட்டச்சு நின்றது. வாசலில் பத்திரம் எழுதுகிறவர்களைப் பார்த்து, மாலைகளோடு நின்ற என் அம்மா, "யோவ், கொஞ்சம் வாய மூடுங்கயா, கண்ணாலம் நடக்குது!" என்றாள். மூடினார்கள். ராயபுரத்தில் அப்படி ஓர் அமைதியை நான் அதற்கு முன் கேட்டதில்லை. பதிவாளர் மேசைமேல் பாதி படுத்து, அத்தையின் வாயருகே காதைக் கொண்டுபோனார். அத்தை சொன்னாள். பக்கத்திலிருந்த எனக்கே பாதிதான் கேட்டது.

பதிவாளர் நிமிர்ந்து பேனாவை எடுத்தார். மாப்பிள்ளையிடம், "உங்களுக்குக் கேட்டுச்சா?" என்றார்.

"நல்லா கேட்டுச்சு மேடம்" என்றார் அவர். கையெழுத்துப் போட்டார்.

பிறகு சாட்சிக் கையெழுத்துக்காக நான் குனிந்தபோது என் பக்கம் சாய்ந்து, ரகசியம் என்று அவர் நினைத்துக்கொண்ட குரலில், அறை முழுக்கக் கேட்கும்படி கேட்டார்: "இன்னாமா சொல்லிச்சு?"

"சரின்னு சொல்லிச்சு மாமா" என்றேன்.