பவானி அக்காவின் ஃப்ரிட்ஜ்

போன வாரம் சட்னி அரைக்கும்போது எங்கள் மிக்ஸி புகைந்து நின்றுபோனது. மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலைத் திறக்க ஓடினாள். நான் மட்டும் அங்கேயே நின்று அந்த வாசனையை இழுத்துக்கொண்டிருந்தேன். மோட்டார் காயில் மேல் பூசிய வார்னிஷ் கருகுகிற வாசனை. உனக்கு அது நாற்றம். எனக்கு ஒரு காலத்தில் அதுதான் சோறு.

மிக்ஸியைக் கவிழ்த்து, நாலு திருகைக் கழற்றி, காயிலைக் கத்தி முனையால் சுரண்டிப் பார்த்தேன். உள்ளே வெள்ளை. அலுமினியம். செம்புக் கம்பி என்று சொல்லி விற்றிருக்கிறான் பாவி. "ஆரம்பிச்சிட்டியாம்மா" என்றாள் மகள். அவளுக்கு என்னோடு கல்யாணங்களுக்கு வருவதற்கே கூச்சம். சீர்வரிசைப் பாத்திரத்தில் நான் காந்தத்தை ஒட்டிப் பார்ப்பேனாம். ஒரே ஒரு தடவைதான் செய்தேன். அது எவர்சில்வரே இல்லை என்று தெரிந்துபோனது, நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம்.

திருவொற்றியூரில் ஒரு காயலான் கடையில் வேலை பார்த்தேன். அதற்கு முன்னால் எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல். கம்பெனியை மூடியதும் ஊசி பிடித்த கையில் சுத்தியலைக் கொடுத்தார்கள். செத்துப்போன மிக்ஸி, கிரைண்டர், வாஷிங் மெஷின், ஃப்ரிட்ஜ் எல்லாம் அங்கே வந்து குவியும். உடைத்து, இரும்பு, செம்பு, பித்தளை, அலுமினியம் என்று பிரிக்க வேண்டும். காந்தம் ஒட்டினால் இரும்பு. ஒட்டாவிட்டால் அரத்தால் ஒரு இழு. முதல் நாள் நான் செம்பு என்று தனியாக எடுத்து வைத்ததில் பாதி அலுமினியம். கடையே சிரித்தது. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் தாஸ் அண்ணன். அன்றிலிருந்து அவருக்கு நான் 'டைலரு'.

தாஸ் அண்ணன் நெட்டுக்குப்பத்துக்காரர். எண்ணூர் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து மீன் குறைந்தபோது வலையை அண்ணன் தம்பிகளிடம் விட்டுவிட்டுக் கரைக்கு வந்துவிட்டவர். கடையில் கேஸ் கட்டிங் அவர்தான். அவர் மனைவி பவானி அக்கா கூடையில் மீன் விற்றார். விற்காத மீனுக்கு ஐஸ் வாங்கியே அலுத்துப்போனார் என்பதால், இரண்டு செத்த ஃப்ரிட்ஜை வைத்து தாஸ் அண்ணன் ஒரு ஃப்ரிட்ஜைப் பிழைக்க வைத்தார். ஒன்றின் உடம்பு, இன்னொன்றின் கம்ப்ரஸர். கதவு பச்சை, உடம்பு சிவப்பு. ஓனரே வந்து பார்த்து, எங்கள் எல்லோர் முன்னாலும், வீட்டுக்கு எடுத்துப் போகச் சொன்னார். அவர் நல்ல மூடில் இருந்த நாள். தாஸ் அண்ணன் அதை மீன்பாடி வண்டியில் ஏற்றி, பெண் அழைப்பு மாதிரி கூட்டிக்கொண்டு போனார்.

கம்ப்ரஸர் தெரியுமா உனக்கு? ஃப்ரிட்ஜின் பின்னால் அடியில் கறுப்பாக ஒரு குண்டு இருக்கும். அதன் வயிற்றில்தான் நல்ல செம்பு. மேலே மூடியிருக்கும் இரும்புக் கூட்டைக் கேஸ் கட்டரால் வெட்டித்தான் எடுக்க வேண்டும். பழைய ஃப்ரிட்ஜில் இருந்த கேஸ் தீப்பிடிக்காது. புது மாடலில் இருப்பது கிட்டத்தட்ட நம் அடுப்பில் எரிகிற கேஸ். அதனால் தாஸ் அண்ணன் முதலில் குழாயை நறுக்கி, கேஸை வெளியே விட்டு, எண்ணெயை வடித்து, வெயிலில் போட்டு வைப்பார். அப்புறம்தான் வெட்டுவார்.

அன்றைக்குச் செம்பு ஏற்றிப்போக லாரி வந்து நின்றது. கம்ப்ரஸர்கள் அப்போதுதான் வந்து இறங்கியிருந்தன. சாயங்காலம் வரைக்கும் காயட்டும் என்றார் தாஸ் அண்ணன். லாரி உனக்காக நிக்குமா, இஷ்டம் இல்லன்னா கட்டரை வச்சிட்டுப் போ என்றார் ஓனர். தாஸ் அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அந்தக் கண்ணாடியில் ஒரு பக்கம் ஏற்கனவே விரிசல்.

பெரிய சத்தமெல்லாம் இல்லை. குக்கர் மூடி தெறித்த மாதிரி ஒன்று. திரும்பிப் பார்த்தபோது தாஸ் அண்ணன் முகம் முழுக்க எண்ணெய் எரிந்துகொண்டிருந்தது. நான் சாக்கை நனைத்து மூடினேன். அதற்குள்ளிருந்து வந்த குரல் அவருடையது மாதிரியே இல்லை. ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு வந்து பார்க்கிறேன், ஓனர் இன்னொரு ஆளை உட்கார வைத்திருந்தார். லாரி நேரத்துக்குக் கிளம்பியது. தாஸ் அண்ணனைச் சுட்ட செம்பும் அதில் போனது.

உயிர் பிழைத்தது. இரண்டு கண்ணும் போயிற்று. ஓனர் ஆஸ்பத்திரிக்கு வந்து, வேலை செய்யும்போது பீடி பிடித்தால் இப்படித்தான் ஆகும் என்று வார்டில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார். தாஸ் அண்ணன் வாழ்க்கையில் பீடி பிடித்ததில்லை. பவானி அக்கா நேரே ஸ்டேஷனுக்குப் போனார். நானும் கூடப் போய், பீடியெல்லாம் பொய் என்று சொன்னேன். கேட்டுக்கொண்டார்கள், எழுதவில்லை. மறுநாள் ஓனர் பதிலுக்கு ஒரு புகார் கொடுத்தார், தாஸ் கடையிலிருந்து ஃப்ரிட்ஜைத் திருடிவிட்டான் என்று. பில் இருக்கிறதா என்று கேட்டார்கள். காயலான் கடையில் பிறந்த ஃப்ரிட்ஜுக்கு பில்லுக்கு எங்கே போவது? வண்டி வைத்து ஃப்ரிட்ஜைக் கடைக்கே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

கண் போன மனுஷன் மேல் திருட்டுக் கேஸ் விழ வேண்டாம் என்று பவானி அக்கா தன் புகாரை வாபஸ் வாங்கினார். ஓனரும் வாங்கினார். அக்கா ஸ்டேஷனிலிருந்து நேராகக் கடைக்கு வந்தார். தீப்பட்ட தோல் மத்தியான வெயிலில் எரிகிறது, ஜில்லென்று துணி வைத்தால்தான் மனுஷன் கொஞ்சம் தூங்குகிறார், ஃப்ரிட்ஜை மட்டும் கொடுத்துவிடுங்கள் என்று கேட்டார். கெஞ்சவில்லை, கேட்டார்.

ஓனர் கல்லாவை விட்டு எழுந்திருக்கவில்லை. "ஓடுற ஃப்ரிட்ஜுன்னு இங்க ஒண்ணும் கெடயாது. இங்க எல்லாம் எடக் கணக்குதான்." பிறகு எங்களைப் பார்த்து, இப்போதே உடையுங்கள் என்றார். யாரும் நகரவில்லை. உடைக்காதவன் நாளைக்கு வர வேண்டாம் என்றதும் ஒருவன் கடப்பாரையைத் தேடினான்.

பவானி அக்கா என் பக்கம் வந்தார். "நீயே ஒடைச்சிடு டைலரு. அவுரு கை வச்ச பொருளு, வேற எவனும் தொட வேணாம்" என்றார். நான் சுத்தியலை எடுத்துக் கதவைத் திறந்தேன். உள்ளே ஒரு கிண்ணத்தில் மீன் குழம்பு, நுரை கட்டிப்போய். அக்கா அதை எடுத்துக் கூடையில் வைத்துக்கொண்டார். அப்புறம் குனிந்து கறுப்புக் குண்டைத் தொட்டுக் காட்டி, "மொதல்ல கேஸ உட்டுடு. நீயும் புள்ள வச்சினுகீற" என்றார்.

குழாயை நறுக்கினேன். உஸ்ஸென்று அடங்கும்வரை இரண்டு பேரும் நின்றோம். உடைத்துப் பிரித்துப் போட்டுவிட்டு, கை கழுவி, அக்காவோடேயே வெளியே வந்துவிட்டேன். அந்தக் கடைக்கு அப்புறம் நான் போகவில்லை.

அவ்வப்போது நெட்டுக்குப்பத்துக்குப் போவேன். அக்கா ஐஸ் கட்டி வாங்கி, தெர்மாகோல் பெட்டியில் போட்டு, துணியை அதில் நனைத்து தாஸ் அண்ணன் முகத்தில் வைப்பார். ஃப்ரிட்ஜ் போனதை அவரிடம் சொல்லவில்லை. ஒரு நாள் நான் இருக்கும்போதே தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"இன்னா பவானி, ஃப்ரிட்ஜி சத்தமே காணோம்?"

"கரண்டு இல்ல."

தலைக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அதன் காற்று அவர் சட்டையை அசைத்துக்கொண்டிருந்தது. தாஸ் அண்ணன் முகத்தை அந்தக் காற்றுப் பக்கம் திருப்பினார். "எப்ப வருமாம்?" என்றார்.

"வந்துரும்."

அவர் அப்புறம் கேட்கவே இல்லை. இரண்டாவது மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்தார். அக்கா தன் மகளோடு பழவேற்காடு பக்கம் போய்விட்டார் என்றார்கள். காயலான் கடை இருந்த இடம் இப்போது கன்டெய்னர் லாரி நிறுத்துமிடம். ஓனர் சௌக்கியமாக இருப்பதாகக் கேள்வி. நான் வேலைக்குப் போகும்போதெல்லாம் பார்த்துக்கொண்டே போன எண்ணூர் பழைய அனல்மின் நிலையத்தைக்கூட நிறுத்தி, உடைத்து, இரும்பாக விற்றுவிட்டார்கள். புகைபோக்கி நின்ற இடத்தில் இப்போது வெறும் வானம். அந்தப் பக்கம் போனால் பஸ்ஸில் யாராவது புதுசாக வந்தவர்கள், இங்கே என்ன இருந்தது என்று கேட்பார்கள். கரண்டு என்று சொல்வேன்.