பேண்டேஜ் வீரனின் வில்லன் எழுதுகிறேன்

தங்கமாரி செத்துப்போனான். நேற்றுக் காலையில், ராஜபாளையத்தில், அவன் வீட்டிலேயே... தூக்கத்தில்.

'இறைவனடி சேர்ந்தார்' என்று எழுத எனக்குக் கை வரவில்லை. எங்கே போய்ச் சேர்ந்திருந்தாலும் அங்கேயும் யாரையாவது முறைத்துக்கொண்டுதான் இருப்பான்.

தெரியாதவர்களுக்கு... 'பேண்டேஜ் வீரன்' காமிக்ஸ் போட்ட ஆள். கதை, படம், சிவகாசியில் அச்சு, பஸ் ஏறிக் கடை கடையாகப் போடுவது எல்லாம் அவன் ஒருத்தன்தான். பேண்டேஜ் துணிக் கம்பெனியில் தறி ஓட்ட வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆரம்பித்தான், போன மாதம் வரைக்கும் விடவில்லை.

ஹீரோ பகலில் பேண்டேஜ் துணி நெய்கிற தறிக்காரன். ஆபத்து என்றால் அதே துணியை உடம்பெல்லாம் சுற்றிக்கொண்டு கிளம்பிவிடுவான். மணிக்கட்டிலிருந்து துணியை வீசி மாடிக்கு மாடி தாவுவான். அதுவும் தொப்பையோடு!

நான் அதே கம்பெனியில் துணி செக் பண்ணுகிற சூப்பர்வைசராக இருந்தவன். சொல்கிறேன், அந்தத் துணியில் பூனைக்குட்டிகூடத் தொங்க முடியாது, பிய்ந்துவிடும். இதை அவனிடம் சொன்னதற்கு, "ஒனக்கெல்லாம் கலை புரியாதுலே" என்றான்.

கலை...

டூட்டி நேரத்தில் தறியை ஓடவிட்டு, அட்டைப்பெட்டியின் பின்பக்கத்தில் வீரனை வரைந்துகொண்டு இருந்தான். இழை அறுந்து துணி முழுக்க வீணாகிக்கொண்டிருந்தது. மெமோ கொடுத்தேன். அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

அடுத்த இதழில் புது வில்லன். பெயர் கோன் கள்ளன். மில்லிலிருந்து நூல் சுற்றிய கோன்களைத் திருடி விற்கிற சூப்பர்வைசர். என் வழுக்கை, என் மூக்கு, புருவத்துக்கு மேலே என் மரு... என் மொபெட்டைக்கூட விட்டுவைக்கவில்லை.

நான் ஒரு முழம் நூல்கூட வீட்டுக்குக் கொண்டுபோனதில்லை. அது அவனுக்கும் தெரியும்.

மற்ற வில்லன்கள் எல்லாம் ஒரே இதழில் செத்து ஒழிந்தார்கள். கோன் கள்ளன் மட்டும் தப்பித்துத் தப்பித்துத் திரும்ப வந்துகொண்டே இருந்தான். ஒவ்வொரு இதழும் அச்சாகி வந்ததும் முதல் காப்பியை என் மேஜையில் வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போவான். அம்புட்டுத் திமிர்.

என் மகளைப் பெண் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்தார்கள். பால்கோவா டப்பாவை நீட்டிய மாப்பிள்ளையின் தாய்மாமன் என் முகத்தையே பார்த்தார். "நீங்க... அந்த கோன் கள்ளன்தான?" என்று கேட்டுச் சிரித்தார். கூடம் முழுக்கச் சிரித்தது, நானும் சிரித்துவைத்தேன்.

அங்கிருந்து பதில் வரவில்லை. காரணம் அதுவாக இல்லாமலும் இருக்கலாம். ஆனால் என் மகள் அன்றைக்குச் சிரிக்கவில்லை.

அவன் வீட்டுக்குப் போனேன். "ஒரே ஒரு கட்டம் போதும்லே. கோன் கள்ளன் திருடல, திருடுனது வேற எவனோன்னு போட்டுரு."

மை காய்வதற்காகப் பேப்பரை ஊதிக்கொண்டே சொன்னான். "நீ கேட்டன்னு கதைய மாத்த முடியாது. எனக்காத் தோணுனா மாத்துவேன். போய்ட்டு வா."

தோன்றவே இல்லை, அந்த மகா கலைஞனுக்கு.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். சென்னையிலிருந்து ஒரு காமிக்ஸ் கம்பெனி ஆட்கள் வீரனை விலைக்குக் கேட்டு வந்தார்கள். தொப்பையை எடுத்துவிடலாம் என்றார்களாம். காபிகூடக் கொடுக்காமல் வாசலோடு அனுப்பிவிட்டான். அந்த ஒரு விஷயத்தில் அவனைக் குறை சொல்ல மாட்டேன்.

இன்று துஷ்டி கேட்க அவன் வீட்டுக்குப் போனேன். தெருமுனையிலேயே ஃபிளெக்ஸ். கம்ப்யூட்டரே வரைந்து கொடுத்த வீரன்... சிவப்பு அங்கி, சிக்ஸ் பேக், கன்னத்தில் கண்ணீர். தங்கமாரி ஒரு மூலையில் பாஸ்போர்ட் சைஸில். நடுவில் ஆளுயரத்துக்குக் கைகூப்பி நிற்பது ஃபிளெக்ஸ் கடை முதலாளி. ரசிகர் மன்றத் தலைவராம்! மன்றம் இருப்பதே எனக்கு இன்றைக்குத்தான் தெரியும்.

அந்தத் தலைவர் என்னை ஷாமியானா ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

"அண்ணாச்சி, வீரன நாங்க தொடர்ந்து கொண்டு போறோம். கம்ப்யூட்டர்லயே மாசம் ஒரு புக்கு போட்டுரலாம். அவரு வீட்டு அக்கா சரின்னு சொல்லணும், நீங்க சொன்னாத்தான் கேப்பாக." குரலைத் தாழ்த்தினார். "மொத புக்குலயே கோன் கள்ளன நல்லவனாக்கிருதோம். திருடுனது வேற ஆளு. சரியா?"

எத்தனை வருஷமாக நான் காத்திருந்த வரி.

தங்கமாரியின் மனைவி என்னைக் கூப்பிட்டாள். "இந்த மன்றத்துக்காரரு என்னமோ பேப்பர்ல கையெழுத்துக் கேக்காரு. என்னண்ணே செய்ய? அவிய மொத காப்பிய ஒங்களுக்குத்தான குடுப்பாக... நீங்களே சொல்லுங்க."

"வீரன் அவன் சொத்து, தங்கச்சி. அவன் கைய விட்டா வேற கை அதுல படக்கூடாது. யாருக்கும் குடுக்காதீங்க."

தலைவருக்கு முகம் சுருங்கிவிட்டது. "அப்ப நீங்க? காலத்துக்கும் திருடன்தான அண்ணாச்சி?"

"இருந்துட்டுப் போறேன்" என்றேன்.

நான் கேட்டது அவன் கையால் ஒரு கட்டம். கண்ட பயல் கம்ப்யூட்டரில் பொத்தானை அமுக்கி என்னை நல்லவனாக்க வேண்டியதில்லை.

உள்ளே போய் அவனுக்கு மாலை போட்டேன். அந்த மூஞ்சியில் அப்போதும் வருத்தம் என்று ஒன்று இல்லை.

உன்னை நான் மன்னிக்கவில்லை, தங்கமாரி.

கிளம்பு.